மறுத்து வாக்களித்தோரும் திரைப்படமும்: 2008 ஆம் ஆண்டு அமெரிக்க நிதி மீட்பு எதிர்ப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

2008 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பிரதிநிதிகள் சபை ஒரு சட்டமூலத்தை 228 க்கு 205 என்ற வாக்குகளால் நிராகரித்தது. நாட்டின் சனாதிபதி, திறைசேரிச் செயலாளர், மத்திய வங்கித் தலைவர், சபையின் இரு கட்சித் தலைவர்கள், சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த இரு வேட்பாளர்கள் ஆகிய அனைவரும் ஒருமுகமாக வேண்டிநின்ற சட்டமூலம் அது. வீழ்ந்துகொண்டிருந்த நிதி நிறுவனங்களைத் தாங்கிப்பிடிப்பதற்காக 70,000 கோடி டொலர் பொதுப்பணத்தைத் திறைசேரியின் கையில் ஒப்படைப்பது அதன் நோக்கம். அன்று மாலைக்குள் நியூயோர்க் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 777 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது. நான்கு நாட்களின் பின், ஒக்டோபர் 3 ஆம் திகதி, அதே சபை அதே திட்டத்தை 263 க்கு 171 என ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சியை மையமாகக் கொண்டும் தொட்டும் நூல்களும் திரைப்படங்களும் பல தோன்றிவிட்டன. அவற்றுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மைக்கல் மூர் 2009 இல் வெளியிட்ட 'கப்பிற்றலிசம்: எ லவ் ஸ்ரோறி' என்ற விவரணப்படம். மற்றையது, அன்ட்று றொஸ் சோர்க்கின் எழுதிய நூலைத் தழுவிக் கேட்டிஸ் ஹன்சன் நெறியாள்கையில் 2011 இல் தொலைக்காட்சிக்கென உருவான 'டூ பிக் டு பெயில்'. முன்னையது வோல் ஸ்ரீற்றின் பகைவனால் ஆக்கப்பட்டது. பின்னையது அதனை உள்ளிருந்து காட்ட முயல்வது. நோக்கில் எதிரெதிரான இவ்விரு படைப்புகளும் ஒரு விடயத்தில் ஒத்த குறைபாடுடையன: மறுத்து வாக்களித்த அந்த 228 பேர் என்ன சொன்னார்கள் என்பதை இரண்டுமே செவிமடுக்கவில்லை. இதனை நிறுவுதற்கு முதலில் எதிர்ப்பின் இயல்பை நோக்குதல் வேண்டும்.

பின்னணியைச் சுருங்கக் கூறலாம். வீட்டு ஈட்டுக்கடன்களைக் கட்டுக்கட்டாக்கிப் பத்திரங்களாக விற்கும் வணிகம், வீட்டு விலைகள் இறங்கத் தொடங்கியதும் ஆட்டங்கண்டது. 2008 மார்ச்சில் பெயர் ஸ்ரேர்ன்ஸ் நிறுவனம் அரசின் துணையுடன் இன்னொரு வங்கிக்கு விற்கப்பட்டது. செப்டெம்பர் 15 இல் லீமன் பிறதர்ஸ் வங்குரோத்தடைந்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்னும் காப்புறுதி நிறுவனத்துக்கு மத்திய வங்கி 8,500 கோடி டொலர் கடன் வழங்கியது. ஒரு நிறுவனத்தை வீழவிட்டு, அடுத்த நாள் இன்னொன்றைத் தாங்கிய இச்செயலுக்கு ஒரு நெறி உண்டா என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது. எதிர்ப்பின் வேர் இவ்விடத்திலேயே உள்ளது. செப்டெம்பர் 29 இல் திடீரென முளைத்ததன்று அது.

செப்டெம்பர் 20 ஆம் திகதி திறைசேரி அனுப்பிவைத்த முதல் வரைவைத் தனியே ஒரு பனுவலாகக் கொண்டு படித்தல் பயனுடையது. மூன்று பக்கங்களே கொண்ட அவ்வரைவின் எட்டாம் பிரிவு, திறைசேரிச் செயலாளர் இச்சட்டத்தின் கீழ் எடுக்கும் முடிவுகளை எந்த நீதிமன்றமோ நிருவாக அமைப்போ மீளாய்வு செய்தலாகாது என விதித்தது. பணத்தின் தொகையைக் கண்டு திகைத்தோர் பலர். ஆயின் இப்பிரிவைக் கண்டு திகைத்தோரே நிலைமையைச் சரியாக விளங்கிக்கொண்டோர் என்பது எமது எண்ணம். தொகை பெரிது என்பது அளவு பற்றிய வாதம். எவர்க்கும் கணக்குக் காட்ட வேண்டாத ஒருவரிடம் அதனை ஒப்படைப்பது ஆட்சி முறைமை பற்றிய வாதம். சில நாட்களுள் அப்பிரிவு மாற்றப்பட்டது. மேற்பார்வைக் குழுவும் தனிப் பரிசோதகர் நாயகம் ஒருவரும் சட்டமூலத்தில் இடம்பெற்றனர். தொகையைத் தவணை தவணையாக விடுவிக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. மூன்று பக்கம் நூறைத் தாண்டிற்று. இம்மாற்றங்களைச் செய்தோர் பெரும்பாலும் இறுதியில் ஆதரித்து வாக்களித்தவர்களே. எனினும் வெளியே எழுந்த சினம் இல்லாதிருப்பின் அவர்களுக்கு அத்துணிவும் பேரம்பேசும் வலுவும் வாய்த்திரா.

சொல்லாட்சி பற்றியும் இங்கு ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இத்திட்டத்தை எதிர்த்தோர் அதனைப் 'பெயில்அவுட்' என்றனர். ஆதரித்தோர் அச்சொல்லைத் தவிர்த்து மீட்பு என்ற பொருளுடைய சொல்லையே விடாது வழங்கினர். தமிழில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. 'மீட்புத் திட்டம்' என்று நாம் எழுதும்போது அறியாமலேயே ஒரு கட்சியின் சொல்லை ஏற்றுக்கொள்கின்றோம். 'பிணையெடுப்பு' என்று எழுதினால் நீதிமன்றமும் குற்றவாளிக் கூண்டும் மனத்தில் தோன்றுகின்றன; அது மறுகட்சியின் சொல். பிணை நிற்றல் என்பதன் பொருளை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொருவன் பட்ட கடனுக்குக் கையொப்பமிட்டுத் தன் வளவை இழந்தவர்களை நாம் ஊரில் கண்டிருக்கின்றோம். எதிர்த்தோரின் நெஞ்சில் இருந்ததும் ஏறக்குறைய இவ்வுணர்வே: கையொப்பமிடுபவர் நாம், கடன் பட்டவர் வேறு.

எதிர்த்து வாக்களித்தோருள் 133 பேர் குடியரசுக் கட்சியினர். 95 பேர் சனநாயகக் கட்சியினர். இவ்விரு தொகுதியினரையும் 'எதிர்ப்பாளர்' என ஒரே சொல்லால் குறிப்பது எளிது. ஆனால் அவர்தம் உலக நோக்குகள் ஒன்றையொன்று மறுப்பன. கென்ரக்கி மாநிலச் செனற்றர் ஜிம் பண்ணிங், செப்டெம்பர் 23 ஆம் திகதி வங்கிக் குழுவின் அமர்வில், இத்திட்டத்தை நிதிச் சோசலிசம் என்றும் அமெரிக்கத் தன்மைக்கு ஒவ்வாதது என்றும் சாடினார். பிரதிநிதிகள் சபையில் மிச்சிகனைச் சேர்ந்த தடியஸ் மக்கொற்றர் ரஷ்யாவின் போல்ஷெவிக் புரட்சியையே நினைவூட்டி, உணவா சுதந்திரமா என்ற தெரிவு மக்கள் முன் வைக்கப்படுகின்றது என்றார். மறுபுறம், ஒஹையோவைச் சேர்ந்த மார்சி கப்ரர், டெனிஸ் குசினிச் போன்ற சனநாயகக் கட்சியினர், தொழிலாளரின் பணத்தைச் செல்வர் கவர்ந்துகொள்ளும் சூழ்ச்சியாக அதே திட்டத்தைக் கண்டனர். ஒருவர்க்குச் சோசலிசமாகத் தோன்றியது மற்றவர்க்கு முதலாளியத்தின் கொள்ளையாகத் தோன்றிற்று. செனற் சபை ஒக்டோபர் 1 ஆம் திகதி 74 க்கு 25 எனத் திட்டத்தை ஏற்றபோது, தம்மைச் சோசலிசவாதி என அழைத்துக்கொள்ளும் வேர்மன்ற் மாநிலத்து பேர்ணி சாண்டேர்சும், சோசலிசம் என்று சொல்லி அதனை வெறுத்த பண்ணிங்கும் எதிர்வாக்குப் பட்டியலில் ஒருங்கே நின்றனர்.

இதனை வெறும் முரண்நகையாகக் கொண்டு நகைத்துவிட்டுச் செல்வோரும் உளர். ஆயினும் பண்ணிங் போன்றோரின் சொல்லில் ஒரு பிழையும் ஓர் உண்மையும் கலந்துள்ளன. சோசலிசம் என்ற சொல் அங்கு பிழையாக வழங்கப்பட்டது என்பது வெளிப்படை. உற்பத்திச் சாதனங்களைச் சமுதாயம் உடைமையாக்கிக்கொள்வதற்கும், தனியார் இலாபத்தைத் தனியார்க்கே விட்டு நட்டத்தை மட்டும் பொதுவாக்குவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. ஆனால் அப்பிழையான சொல்லின் அடியில், இழப்புக்கு அஞ்சாதவன் எச்சரிக்கையாக நடவான் என்ற பழைய சந்தைப் பொருளியலின் உறுதியான வாதம் இருந்தது. செப்டெம்பர் 24 ஆம் திகதியளவில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கொங்கிரஸ் தலைவர்களுக்கு எழுதிய கடிதம் இவ்வாதத்தை மேடைச் சொல் எதுவுமின்றி முன்வைத்தது. திட்டத்தின் நியாயம், அதன் தெளிவின்மை, அதன் நீண்டகால விளைவு ஆகிய மூன்றுமே அவர்களுடைய ஐயங்கள். பதற்றத்தில் விரைந்து முடிவெடுக்காது விசாரித்து முடிவெடுங்கள் என்பதே அவர்களின் வேண்டுகோள். எதிர்ப்பு முழுவதும் அறியாமையிற் பிறந்தது என்போர் இக்கடிதத்தை எங்கே வைப்பர்?

எதிர்ப்பின் பெருங்குறையும் மறைத்தற்குரியதன்று. இரு அணியினரும் 'வேண்டாம்' என்பதில் ஒன்றினர். 'வேறென்ன' என்பதில் ஒன்ற இயலவில்லை. குடியரசுக் கட்சியின் வலதுசாரிக் குழுவினர் மூலதன இலாப வரியை ஈராண்டுகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்றனர். சாண்டேர்ஸ் பெருஞ்செல்வரின் வருமானத்தின்மேல் மேலதிக வரி விதித்து இப்பணத்தைத் திரட்ட வேண்டும் என்றார். ஒருவர் நீக்க விரும்பிய சுமையை மற்றவர் ஏற்ற விரும்பினார். இத்தகையோர் ஒன்றுகூடி ஒரு மாற்றுச் சட்டத்தை ஆக்குவது எங்ஙனம்? அந்நான்கு நாட்களில் நிகழ்ந்த கதையும் இதனாலேயே வருந்தத்தக்கதாகின்றது. தடைப்பட்ட சட்டமூலம் செனற் சபைக்குச் சென்று நானூற்றைம்பது பக்கமாகப் பருத்துத் திரும்பியது. வைப்புக் காப்புறுதியின் எல்லை 100,000 டொலரிலிருந்து 250,000 டொலராக உயர்ந்தது நன்மையே. அதனோடு பல்வேறு வரிச்சலுகைகளும் ஏறிக்கொண்டன. சிறுவர் விளையாடும் மர அம்புகளுக்கான வரிவிலக்கும் அவற்றுள் ஒன்று! கொள்கை வாதத்தால் தோற்ற சட்டம் சில்லறைச் சலுகைகளின் துணையோடு வென்றது. ஆதரவு வாக்குகள் 58 ஆற் கூடின.

இனிப் படங்களுக்கு வருவோம்.

'டூ பிக் டு பெயில்' திறமையான படம் என்பதில் ஐயமில்லை. ஹென்றி போல்சனாக வில்லியம் ஹேர்ற்றும், மத்திய வங்கித் தலைவர் பேர்னாங்கியாகப் போல் ஜியமாற்றியும் மிகையின்றி நடித்துள்ளனர். உறக்கமின்மை, தொலைபேசி, மூடிய அறை, நள்ளிரவுப் பேச்சு என்பவற்றால் ஓர் இறுக்கம் தொடர்ந்து பேணப்படுகின்றது. ஆனால் இறுக்கத்தைப் படைக்கும் அவ்வுத்தியே படத்தின் கருத்துநிலையையும் தீர்மானித்துவிடுகின்றது. அறையினுள் இருப்போரின் கண்கொண்டே நாம் யாவற்றையும் காண்கின்றோம். அறைக்கு வெளியே உள்ளவை வானிலை போன்று இடையூறுகளாகவே தோற்றமளிக்கின்றன. கொங்கிரஸ் அத்தகைய வானிலைகளுள் ஒன்று. சட்டமூலம் தோற்ற செய்தி நாயகனின் தலைமேல் விழும் இடியாக வருகின்றது. எதிர்த்தவர் எவர்க்கும் தம் காரணத்தை முழுமையாக எடுத்துரைக்கும் ஒரு காட்சி வாய்க்கவில்லை.

அதனினும் நுண்ணிய அநீதி ஒன்று உண்டு. போல்சன் கொங்கிரஸிடம் கேட்டது, வங்கிகளிடமுள்ள நச்சுப் பத்திரங்களை வாங்குவதற்கான அதிகாரம். வாங்கும் விலையை எவ்வாறு நிர்ணயிப்பீர், பத்திரத்தை வாங்குவதற்குப் பதில் வங்கியின் பங்கையே ஏன் வாங்கலாகாது என்று அப்போதே பல பொருளியலாளர் வினவினர். குழு அமர்வுகளில் போல்சன் அதனை ஏற்கவில்லை. சட்டம் நிறைவேறிய பத்து நாட்களுள், ஒக்டோபர் 13 ஆம் திகதி, ஒன்பது பெரிய வங்கிகளின் தலைவர்களை அழைத்து, 12,500 கோடி டொலருக்கு அவற்றின் பங்குகளை அரசு வாங்கும் என அறிவித்தவரும் அவரே. நவம்பர் 12 இல் பத்திரம் வாங்கும் எண்ணம் முற்றாகக் கைவிடப்பட்டதாகத் தெரிவித்தார். எதற்கென்று கேட்டுப் பணம் பெற்றாரோ அதற்கென்று அது செலவாகவில்லை. திட்டம் தெளிவற்றது என்ற எதிர்ப்பாளரின் குற்றச்சாட்டுக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமா? படத்திலோ இம்மாற்றம் திறைசேரியின் அறையினுள்ளேயே பிறந்த ஒரு தெளிவாகத் தோன்றுகின்றது. விமர்சகரின் வாதம் நாயகனின் கண்டுபிடிப்பாக மாறிவிடுகின்றது. வரலாற்றைத் தனிமனித நாடகமாக்கும் கலைவடிவம் இத்தகைய கைமாற்றத்தைத் தானாகவே செய்துவிடும். இயக்குநரின் தீய நோக்கை இதற்குக் காரணங்காட்ட வேண்டியதில்லை.

மூரின் படம் இதற்கு நேர்மாறாக வெளியிலிருந்து தொடங்குகின்றது. வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் குடும்பங்கள், சிக்காக்கோவில் தமது ஊதியத்துக்காகத் தொழிற்சாலையினுள்ளே அமர்ந்து போராடிய யன்னல் தொழிலாளர், குற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றிக் கட்டும் மஞ்சள் நாடாவை எடுத்து வோல் ஸ்ரீற் கட்டடங்களைச் சுற்றும் மூர் தாமே என அமைந்த காட்சிகள் நெஞ்சில் தங்குவன. மார்சி கப்ரர் இப்படத்தில் நன்கு ஒலிக்கின்றார். நிகழ்ந்ததை ஒரு நிதிச் சதிப்புரட்சி எனலாமா என்று மூர் வினவ, அவர் அதற்கு உடன்படுகின்றார். ஈட்டுக்கடன் வழக்குகளில் வீட்டை விட்டு வெளியேறாதீர் எனச் சபையிலேயே மக்களை நோக்கி அவர் கூறிய சொற்களும் படத்தில் உள. எதிர்ப்பின் ஒரு பாதிக்கு மூர் முகமும் குரலும் அளித்தார் என்பது அவர்க்குரிய பெருமை.

மறுபாதி எங்கே? 133 குடியரசுக் கட்சியினருள் ஒருவரேனும் சிந்திக்கும் மனிதராக, தமக்கென ஒரு காரணம் உடையவராக, இப்படத்தில் உருப்பெறவில்லை. முதல் வாக்கெடுப்பின் தோல்வி மக்கள் குரலின் வெற்றியாகக் காட்டப்படுகின்றது. அம்மக்களுட் பலர் மூர் வெறுக்கும் கட்சிக்கு வாக்களித்தோர் என்பதும், அவர்தம் பிரதிநிதிகளின் வாக்குகள் இல்லாதிருப்பின் அவ்வெற்றியே இல்லை என்பதும் கூறப்படவில்லை. கூறியிருப்பின் படத்தின் அடிப்படை எதிர்நிலை சிக்கலாகியிருக்கும். முதலாளியத்தை வெறுப்போரும், அதனைத் தூய வடிவில் வேண்டுவோரும் ஒரே திட்டத்தை ஏன் வெறுத்தனர் என்ற வினாவுக்கு மூர் முகங்கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை. முற்போக்குக் கலைஞர் ஒருவர் அதனைத் தவிர்த்தமை எமக்கு ஏமாற்றமளிக்கின்றது. ஹன்சன் தவிர்த்தமை அவ்வளவு ஏமாற்றமளிக்கவில்லை.

எதிர்ப்பாளர்மேல் சுமத்தப்படும் இன்னொரு பழி கோழைத்தனம். தேர்தல் ஐந்து வாரத் தொலைவில் இருந்தது. போட்டி கடுமையான தொகுதிகளின் உறுப்பினர் பெரும்பாலும் எதிர்த்தனர். ஓய்வுபெறவிருந்தோர் பெரும்பாலும் ஆதரித்தனர். உறுப்பினரின் தொலைபேசிகள் ஓயாது ஒலித்தன. மக்களின் கடிதப் பெருக்கால் சபையின் இணையத்தளம் திணறியது. வாக்காளர்க்கு அஞ்சி வாக்களித்தனர் என்று பத்திரிகைகள் எள்ளின. வாக்காளர்க்கு அஞ்சுவது மக்களாட்சியில் எப்போது இழிவாயிற்று என்பது எமக்கு விளங்கவில்லை. சந்தைக்கு அஞ்சி வாக்களித்தவர் பொறுப்புள்ளவர், வாக்காளர்க்கு அஞ்சி வாக்களித்தவர் கோழை என்னும் இவ்வளவுகோலை எவர் வகுத்தனர்? அவைத் தலைவி நான்சி பெலோசியின் உரை தம்மவரைப் புண்படுத்தியதால் வாக்குகள் மாறின எனக் குடியரசுக் கட்சித் தலைவர்கள் சிலர் கூறிய விளக்கம் மட்டும் உண்மையிலேயே நகைப்புக்குரியது.

எதிர்ப்பாளரின் கணிப்புகள் யாவும் பலித்தன என்று கூறுவது நேர்மையாகாது. எழுபதினாயிரம் கோடியும் பாழாகும் என்று அஞ்சியோர் தவறினர். 2010 இல் சட்டமே அத்தொகையை 47,500 கோடியாகக் குறைத்தது. வங்கிகளில் இட்ட ஏறத்தாழ 24,500 கோடி டொலரை அரசு இலாபத்துடன் மீளப்பெற்றது. ஆதரவாளர் இக்கணக்கைக் காட்டி வாதம் முடிந்தது என்பர். எமது நோக்கில் அது முடியவில்லை. நியாயம் பற்றிய வினாவுக்கு வரவுசெலவுக் கணக்கு விடையாகாது. அதே சட்டத்தின் கீழ் வீட்டுக்கடனாளர்க்கென 2009 இல் தொடங்கிய திட்டம் முப்பது முதல் நாற்பது இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவதை இலக்காகக் கொண்டது. அவ்விலக்கை அது நெருங்கவே இல்லை. வங்கிக்கு ஒரு கிழமையில் கிடைத்த உதவிக்கு வீட்டுக்காரர் மாதக்கணக்காகப் படிவம் நிரப்பிக் காத்திருந்தனர். இத்திட்டத்தின் பரிசோதகர் நாயகமாயிருந்த நீல் பறோவ்ஸ்கி, பதவி நீங்கியபின் 2012 இல் எழுதிய நூலில் இதனையே கடுமையாகக் கண்டித்தார். 2009 மார்ச்சில், பொதுப்பணத்தால் உயிர்தப்பிய ஏ.ஐ.ஜி. 16.5 கோடி டொலரை ஊழியர்க்கு ஊக்கப்பணமாக வழங்க முற்பட்டபோது, அதில் 90 சதவீதத்தை வரியாகப் பறிக்கும் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை 328 க்கு 93 என நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் அடக்கப்பட்ட சினம் அவ்வாக்கெடுப்பில் மீண்டும் தலைகாட்டியது.

அதற்கு முன்பே, 2009 சனவரி 15 ஆம் திகதி, நிதியின் இரண்டாம் பாதியை விடுவிப்பதைத் தடுக்கும் பிரேரணை செனற் சபைக்கு வந்து 42 க்கு 52 எனத் தோற்றது. அவ்வாரமே பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்புக் குரல்கள் மீண்டும் எழுந்தன. எதிர்ப்பு நான்கு நாட் கதை அன்று என்பதற்கு இதுவும் சான்று.

2010 மே மாதம் யூற்றா மாநிலக் குடியரசுக் கட்சி மாநாட்டில், மூன்று தவணை செனற்றராயிருந்த றொபேட் பெனற் தம் கட்சியினராலேயே நீக்கப்பட்டார். அவர்மீதான குற்றங்களுள் முதன்மையானது ஒக்டோபர் முதலாந் திகதி அவர் அளித்த ஆதரவு வாக்கு. 'ராப்' என்ற திட்டத்தின் சுருக்கப் பெயரையே கூட்டத்தினர் வசையாகக் கூவினர். மூர் அறியாத, அல்லது அறிய விரும்பாத, எதிர்ப்பின் மறுபாதி அம்மண்டபத்தில் நின்றது. அவரது படம் அதற்கு முன்னரே வெளிவந்துவிட்டது. அவர்க்கு அந்தச் சாட்டேனும் உண்டு. ஹன்சனின் படம் வெளிவந்தது அதற்கு ஓராண்டின் பின். பெரிய வங்கிகள் மேலும் பெரியனவாயின என்ற செய்தியைத் திரையில் எழுத்தாகக் காட்டி அது முடிகின்றது. யூற்றா மண்டபத்தின் கூச்சல் அதில் ஓரிடத்தும் கேட்கவில்லை.